வேத வாசிப்புக்குக் காகிதமா, கைப்பேசியா? வேகமா, நிதானமா?

எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்து 399-இல் இறந்த எவாக்ரியுஸ் என்னும் துறவி, வாசிப்பில் மனம் ஒன்றாத இன்னொரு துறவியின் நடத்தையைக் கூர்ந்து பார்த்து எழுதிவைத்திருக்கிறார். அவர் கொட்டாவி விடுகிறார், கண்ணைக் கசக்குகிறார், புத்தகத்தை விட்டுச் சுவரைப் பார்க்கிறார், மறுபடியும் சில வரிகள் வாசிக்கிறார், இன்னும் எத்தனை ஏடுகள் மீதமிருக்கின்றன என்று புரட்டி எண்ணுகிறார், கடைசியில் புத்தகத்தை மூடித் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கிப்போகிறார். கைப்பேசி இல்லாத காலத்திலும் கவனம் சிதறியது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சியம் தேவையில்லை. ஆகவே கைப்பேசியை அலமாரியில் பூட்டிவிட்டால் வாசிப்பு தானாக வந்துவிடும் என்று நம்புவது வீண். அதற்காக, எல்லாக் காலத்திலும் இருந்த சிக்கல்தானே என்று கைப்பேசியின்மேல் குற்றமே இல்லாததுபோலப் பேசுவதும் சரியாகாது. எவாக்ரியுஸ் பார்த்த துறவி தானாகத்தான் சுவரைப் பார்த்தார். கையிலிருந்த ஏடு அவரை வேறெங்கும் கூப்பிடவில்லை. நம் கையிலிருப்பது கூப்பிடுகிறது.

வேலை, குடும்பம், பயணம், சபைப் பொறுப்பு என்று நாள் முழுவதும் நிரம்பியிருக்கும் ஒரு கிறிஸ்தவர், விட்டுப்போன வாசிப்பை மறுபடியும் தொடங்க நினைக்கும்போது உண்மையில் மூன்று தேர்வுகளைச் செய்கிறார்: எதில் வாசிப்பது, எந்த வேகத்தில் வாசிப்பது, யாரோடு வாசிப்பது. முதல் கேள்வியைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள்; இரண்டாவதைப் புத்தாண்டு ஆராதனை முடிந்த வாரத்தில் மட்டும் பேசுகிறார்கள்; மூன்றாவதைக் கிட்டத்தட்டப் பேசுவதே இல்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காகிதம் உதவும், நிதானம் அதைவிட அதிகமாக உதவும், உடன் வாசிக்கும் ஆள் இவ்விரண்டையும்விட அதிகமாக உதவுவார். ஆனால் இந்த வரிசை எல்லாருக்கும் ஒரே மாதிரி பொருந்தாது என்பதால் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்ப்பது நல்லது.

எதில் வாசிப்பது

கைப்பேசிக்குரிய நியாயத்தை முதலில் கொடுத்துவிட வேண்டும். 2008-இல் யூவெர்ஷன் செயலி வந்ததிலிருந்து, முழு வேதாகமமும் விலையில்லாமல் சட்டைப்பைக்குள் வந்துவிட்டது. 1715-இல் தரங்கம்பாடி அச்சகத்திலிருந்து தமிழ்ப் புதிய ஏற்பாடு வெளிவந்தபோது, அதைச் சொந்தமாக வைத்துக்கொள்ள முடிந்தவர்கள் மிகச் சிலர். இன்று மாத ஊதியக்காரர் முதல் மாணவர் வரை எவரும் பல மொழிபெயர்ப்புகளை அடுத்தடுத்துத் திறந்து ஒப்பிடலாம். எழுத்தைப் பெரிதாக்கலாம். ஒரு சொல் வேதாகமத்தில் எங்கெல்லாம் வருகிறது என்பதைத் தேட, முன்பு தடித்த கன்கார்டன்ஸ் ஒன்றைப் போதகரிடம் இரவல் வாங்க வேண்டியிருந்தது. இப்போது ஒரு தட்டல் போதும். இரவில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஒரு கையால் மட்டும் வாசிக்கக்கூடிய தாய்க்குக் காகித வேதாகமத்தைப் பரிந்துரைப்பவர், குழந்தை வளர்த்ததில்லை என்றுதான் நினைக்கத் தோன்றும்.

ஆனால் கைப்பேசியில் வாசிப்பு எப்படி முறிகிறது என்பதையும் கிட்டத்தில் பார்க்க வேண்டும். விடியற்காலையில் ஒருவர் ரோமர் எட்டாம் அதிகாரத்தைத் திறந்து வைத்திருக்கிறார். ‘இக்காலத்துப் பாடுகள் இனி நம்மிடத்தில் வெளிப்படும் மகிமைக்கு ஒப்பிடத்தக்கவைகள் அல்ல’ என்ற பதினெட்டாம் வசனத்தில் அவர் நிற்கும்போது, திரையின் மேற்புறத்திலிருந்து சபையின் வாட்ஸ்அப் குழு இறங்கி வருகிறது: ஒரு மூத்த சகோதரி மருத்துவமனையில் இருக்கிறார், ஜெபியுங்கள். இதைப் புறக்கணிக்க ஒரு கிறிஸ்தவருக்கு மனம் வருமா? திறக்கிறார். அதற்குக் கீழே கைகூப்பிய படங்கள் வரிசையாக இருக்கின்றன; அதற்கும் கீழே நற்செய்திப் பெருவிழாவின் சுவரொட்டி; அதற்கும் கீழே நேற்றைய பிரசங்கத்தின் யூடியூப் இணைப்பு. பத்து நிமிடம் கழித்துச் செயலிக்குத் திரும்பும்போது பவுல் எதை எதோடு ஒப்பிட்டார் என்பது மறந்துபோயிருக்கிறது. அடுத்த வசனத்தில் சிருஷ்டி முழுவதும் எதற்காகக் காத்திருக்கிறது என்பது முந்தைய வசனத்தைப் பிடித்திருந்தால்தான் விளங்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது, இடையூறாக வந்தவை எவையும் பாவமான காரியங்கள் அல்ல. கிரிக்கெட் மதிப்பெண்ணையோ திரைப்படத் துணுக்கையோ ஒதுக்கித் தள்ள நமக்குத் தெரியும்; ஜெப விண்ணப்பத்தையும் வசனப் படத்தையும் ஒதுக்கித் தள்ளத் தெரியாது. கைப்பேசியில் ஒரு கிறிஸ்தவரின் வாசிப்பைக் கெடுப்பவை பெரும்பாலும் கிறிஸ்தவச் செய்திகளே என்பது என் எண்ணம். அறிவிப்புகளை நிறுத்திவைப்பது, ஃபிளைட் மோடில் போடுவது போன்ற வழிகள் பயன்படும். தேவையான பதிப்பை முன்பே பதிவிறக்கி வைத்திருந்தால் இணையம் இல்லாமலே வாசிக்கலாம். ஆனாலும் தினமும் காலையில் அந்தப் பொத்தானை அழுத்துவதா வேண்டாமா என்ற தீர்மானத்தைப் புதிதாக எடுக்க வேண்டியிருக்கிறது. காகித வேதாகமத்தைக் கையிலெடுப்பவர் அந்தத் தீர்மானத்தை எடுக்க வேண்டியதே இல்லை. காகிதத்தின் முதல் பலம் அதுதான்.

ஆய்வுகள் சொல்வது இன்னும் நுட்பமானது. 2000 முதல் 2017 வரை நடந்த 54 ஆய்வுகளை, ஏறத்தாழ 1,70,000 பேர் பங்குகொண்டவற்றை, ஒன்றுசேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு 2018-இல் வெளியானது. திரையில் வாசித்தவர்களைவிடக் காகிதத்தில் வாசித்தவர்கள் பொருளை நன்றாகப் புரிந்துகொண்டார்கள் என்பது அதன் பொதுவான முடிவு. நேரக் கட்டுப்பாடு இருந்தபோது இந்த வேறுபாடு கூடியது. ஆனால் வேறுபாடு தெரிந்தது தகவலும் விளக்கமும் நிறைந்த பகுதிகளில்தான். கதைப் பகுதிகளில் காகிதத்துக்கும் திரைக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அந்த ஆய்வுகளுக்கும் வேதாகமத்துக்கும் தொடர்பில்லை; ஆனாலும் இந்தப் பிரிவினை வேத வாசகருக்கு நேரடியாக உதவுகிறது. யோசேப்பின் கதையையும், ரூத்தையும், மாற்கு சுவிசேஷத்தையும் பேருந்தில் கைப்பேசியில் வாசிப்பதால் பெரிய இழப்பு இராது. ரோமர், எபிரெயர், ஏசாயா ஆகியவை அப்படியல்ல. ஒரு அதிகாரத்தில் எழும் கேள்விக்கு மூன்று அதிகாரம் தள்ளி விடை சொல்லும் நூல்களில், விரலை ஒரு பக்கத்தில் வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் புரட்ட வேண்டியிருக்கிறது. அந்த வேலைக்குத் திரை இன்னும் ஈடாகவில்லை.

மின்னூல் கருவியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கிண்டில் 2016 இறுதியிலிருந்து தமிழ் நூல்களைத் தருகிறது; அதில் வாட்ஸ்அப் இல்லை; கண்ணுக்கும் இதமானது. ஆங்கிலத்தில் வாசிப்பவருக்கு அது மிக நல்ல ஏற்பாடு. தமிழில் மட்டும் வாசிப்பவருக்கு, கிறிஸ்தவ நூல்களில் மின்னூலாகக் கிடைப்பவை குறைவு என்பதால், அதற்காகச் செலவழிப்பதைவிட அந்தப் பணத்தில் பெரிய எழுத்து வேதாகமம் ஒன்றையும் சில நூல்களையும் வாங்கிவிடலாம்.

கேட்பதை வாசிப்பாகக் கணக்கில் கொள்ளலாமா என்று சிலர் தயங்குகிறார்கள், தயங்க வேண்டியதில்லை. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, தமிழ் கற்ற நாட்களில் தாம் வகுத்துக்கொண்ட அன்றாட ஒழுங்கை எழுதிவைத்திருக்கிறார். காலை எட்டு மணி முதல் நண்பகல் வரை, ஒரு முதிய புலவரையும் ஓர் எழுத்தரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தாம் முன்பு வாசித்திராத தமிழ் நூல்களை வாசிப்பார். மாலையில் கண்ணுக்கு ஓய்வு கொடுப்பதற்காக, வேறொருவர் தமிழ் நூலை வாசிக்கத் தாம் கேட்டுக்கொண்டிருப்பார். பனையோலைச் சுவடிகளை வாசித்துக் களைத்த கண்ணுக்கு அவர் செய்துகொண்ட ஏற்பாடு, நாள் முழுவதும் கணினித் திரையைப் பார்த்துக் களைத்த கண்ணுக்கும் பொருந்தும். ‘வாசிக்கிறவனும், கேட்பவர்களும்’ பாக்கியவான்கள் என்று வெளிப்படுத்தின விசேஷம் தொடங்கும்போது, ஒருவர் வாசிக்கப் பலர் கேட்ட சபையைத்தான் மனத்தில் கொண்டிருக்கிறது. ஒரு எச்சரிக்கை மட்டும் வேண்டும்: சமைத்துக்கொண்டோ வண்டி ஓட்டிக்கொண்டோ கேட்பவர், முன்பே ஒருமுறையாவது வாசித்த நூலைக் கேட்பது நல்லது. புதிய நூலைக் காதால் மட்டும் பிடிப்பது கடினம்.

எந்த வேகத்தில் வாசிப்பது

நம் சபைகளில் இன்று மிக அதிகமாக நடக்கும் வேத வாசிப்பு எது என்று கேட்டால், நாளுக்கு ஒரு வசனம் என்றுதான் சொல்ல வேண்டும். புத்தாண்டு ஆராதனையில் கிடைக்கும் வாக்குத்தத்த அட்டை, மேசைமேல் இருக்கும் வசனப் பெட்டி, நாட்காட்டித் தாள், விடிந்ததும் வந்து விழும் வாட்ஸ்அப் படம் எல்லாம் ஒரே வகை. இந்த வழக்கத்தை ஏளனம் செய்ய நான் விரும்பவில்லை. அதற்கு ஒரு பழைய, மதிப்புமிக்க வேர் உண்டு. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் மொரேவியச் சகோதரர்கள் என்னும் புராட்டஸ்டண்டுச் சபையார் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வசனத்தைத் தேர்ந்து 1731 முதல் ஆண்டுதோறும் அச்சிட்டு வருகிறார்கள். ஆனால் அங்கே அந்த வசனம், ஜெபமும் ஆராதனையும் கூட்டு வாழ்க்கையுமாக இருந்த ஒரு சமூகத்தின் நாளைத் தொடங்கிவைத்தது. நம்மிடம் பல சமயங்களில் அதுவே அந்த நாளின் முழு வாசிப்பாகிவிடுகிறது.

அதனால் என்ன நேர்கிறது என்பதற்கு எரேமியா 29:11 ஓர் எடுத்துக்காட்டு. ‘தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’ என்ற அந்த வசனம் எத்தனை அட்டைகளிலும் சுவர்ப்படங்களிலும் இருக்கிறது! தேர்வெழுதப் போகும் பிள்ளைக்கும், வேலை தேடும் இளைஞருக்கும் அது உடனடி விடுதலையின் செய்தியாகத் தரப்படுகிறது. ஆனால் அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதத்தில் வருகிறது. அதற்கு முந்தைய வசனத்தை வாசித்தால், பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்புதான் கர்த்தர் அவர்களைச் சந்திப்பார் என்று இருக்கிறது. இன்னும் மேலே ஏறிப் போனால், அதுவரை அந்நிய நாட்டிலேயே வீடுகளைக் கட்டிக் குடியிருக்கவும், தோட்டங்களை நாட்டவும், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபிக்கவும் சொல்லப்பட்டிருக்கிறது. கடிதத்தைப் பெற்றவர்களில் பலர் அந்த வாக்குத்தத்தம் நிறைவேறுவதைப் பார்க்காமலே இறந்திருப்பார்கள். முழு அதிகாரத்தையும் வாசித்தவருக்குக் கிடைக்கும் ஆறுதல், அட்டையில் கிடைப்பதைவிடக் கடினமானது. அதிக நாள் தாங்குவதும் அதுதான்.

இதற்கு நேர் எதிர்க்கோடியில் இருப்பது ஓராண்டில் முழு வேதாகமம் என்ற திட்டம். புராட்டஸ்டண்டு வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். நாளுக்கு மூன்றுக்குச் சற்று அதிகமாக வருகிறது. ஆதியாகமத்திலிருந்து நேராக வாசித்தால், ஆதியாகமத்தின் 50 அதிகாரங்களையும் யாத்திராகமத்தின் 40 அதிகாரங்களையும் கடந்து, ஜனவரி கடைசி வாரத்தில் லேவியராகமத்துக்கு வந்து சேர்வோம். எத்தனையோ பேருடைய புத்தாண்டுத் தீர்மானம் தகன பலியின் விதிகளிடையே நின்றுபோவதற்கு இந்தக் கணக்கே காரணம்; அவர்கள் பக்தியில் குறைவில்லை. இதைத் தவிர்க்கத்தான் வெவ்வேறு பகுதிகளைக் கலந்து கொடுக்கும் அட்டவணைகள் உருவாயின. அவற்றில் புகழ்பெற்றது, ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் போதகராயிருந்த ராபர்ட் மர்ரே மெக்‌ஷெயின் 1842 டிசம்பர் 30 அன்று தம் சபைக்கு எழுதிக்கொடுத்தது. ஜனவரி முதல் நாள் ஆதியாகமம், மத்தேயு, எஸ்றா, அப்போஸ்தலர் ஆகிய நான்கின் முதல் அதிகாரங்களும் வாசிக்கப்படும். இரண்டு குடும்பமாக, இரண்டு தனியாக. ஆண்டு முடிவில் பழைய ஏற்பாடு ஒரு முறையும், புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் இருமுறையும் முடிந்திருக்கும்.

அந்தக் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, அட்டவணையின் பலன்களைச் சொல்வதற்கு முன்பே அதன் ஆபத்துகளை அவர் வரிசையாகச் சொல்லிவிடுவது. வெறும் சடங்காகிவிடலாம், வாசித்து முடித்துவிட்டோம் என்ற சுயநீதி வரலாம், அக்கறையின்றி வேகமாக ஓடலாம், சிலருக்கு அது சுமக்க முடியாத நுகமாகலாம். இந்த நான்கும் இன்றைய செயலிகளில் எப்படி வளர்ந்திருக்கின்றன என்று பாருங்கள். இடைவிடாமல் எத்தனை நாள் திறந்தீர்கள் என்று அவை எண்ணிக் காட்டுகின்றன. ஒரு நாள் விட்டால் எண்ணிக்கை போய்விடுகிறது. எண்ணிக்கையைக் காப்பாற்றுவதற்காக இரவு பதினொன்றரைக்குப் படுக்கையில் ஓர் அதிகாரத்தைத் தள்ளித் தள்ளி முடிக்கிறவர்கள் உண்டு. மெக்‌ஷெயின் அந்த ஆண்டு முடியும்வரை உயிரோடிருக்கவில்லை. 1843 மார்ச் மாதம், 29 வயதில், காய்ச்சலில் இறந்தார். அட்டவணையை முடிப்பதில் அல்ல, போதகரும் மந்தையும் ஒரே நாளில் ஒரே பகுதியை வாசித்துக்கொண்டிருப்பதில்தான் அவர் பெரிய பலனைக் கண்டார் என்பதைக் கடிதத்தை வாசிப்பவர் உணரலாம். செயலியிலிருந்து தனக்குத் தனக்கென்று ஒரு திட்டத்தை எடுத்துக்கொள்ளும்போது முதலில் விழுந்துபோவது அந்தப் பலன்தான்.

மூன்றாவது வழி, ஒரே புத்தகத்தில் மாதக்கணக்கில் தங்குவது. பன்னிரண்டாம் நூற்றாண்டுத் துறவி இரண்டாம் குய்கோ, வாசிப்பு, தியானம், ஜெபம், உள்நோக்கு என்று ஒரு ஏணியின் நான்கு படிகளாக இதை விளக்கினார். வாசிப்பு உணவை வாயில் வைக்கிறது, தியானம் அதை மெல்லுகிறது என்றும் சொன்னார். கத்தோலிக்கரிடையே இம்முறை இன்றும் உயிரோடிருக்கிறது. மற்றச் சபையாருக்கும் இதில் தயக்கத்துக்கு ஏதுமில்லை, ஏனெனில் முதல் சங்கீதம் சொல்லும் ‘இரவும் பகலும்’ தியானமாயிருப்பது வேறென்ன? பிலிப்பியரின் நான்கு அதிகாரங்களைக் கால் மணி நேரத்தில் வாசித்து முடித்துவிடலாம். அதையே ஒரு மாதம் தினமும் முழுவதுமாக வாசிப்பவருக்கு, மாதக் கடைசியில் அந்தக் கடிதம் சிறையிலிருந்து எழுதப்பட்டது என்பது தகவலாக இல்லாமல், ஒவ்வொரு வரியிலும் கேட்கும் குரலாக மாறியிருக்கும். இதன் குறை வெளிப்படையானது: பிடித்த புத்தகங்களிலேயே சுற்றிக்கொண்டிருப்போம், நாகூமையும் செப்பனியாவையும் ஆயுளில் தொடாமலே போய்விடுவோம்.

அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்வது சபையின் வாசக ஒழுங்கு. கத்தோலிக்கத் திருச்சபையில் ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியிலும், வாரநாள் வாசகங்கள் ஈராண்டுச் சுழற்சியிலும் வருகின்றன, தென்னிந்தியத் திருச்சபையில் (சி.எஸ்.ஐ.) ஞாயிறுதோறும் ஒரு தலைப்பும் அதற்கேற்ற பாடங்களும் குறிக்கப்பட்டிருக்கும். சனிக்கிழமை இரவு அந்தப் பாடங்களை வீட்டில் வாசித்துவிட்டு மறுநாள் ஆராதனைக்குப் போவது, எந்தச் செயலியும் இல்லாமல், எந்தச் செலவும் இல்லாமல் செய்யக்கூடியது. பிரசங்கத்தைக் கேட்கும் விதமே அதனால் மாறிவிடும் (சில பிரசங்கங்கள் பாடத்தைத் தொடாமலே முடிவதும் அப்போதுதான் கண்ணில் படும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்).

ஆகவே வேகத்தைப் பொறுத்தவரை என் பரிந்துரை இது. முழு வேதாகமத்தையும் வாசித்திராதவர் ஒருமுறை வாசித்தே ஆக வேண்டும். ஆனால் ஓராண்டு என்ற கெடு வேண்டாம். நாளுக்கு ஓர் அதிகாரம் என்றால் மூன்றேகால் ஆண்டில் முடிந்துவிடும். நடுவில் காய்ச்சலும் கல்யாணமும் வந்தாலும் நான்கு ஆண்டு. ஏற்கெனவே வாசித்தவர் நிதானமான வழிக்கு மாறலாம். வசன அட்டையைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. அதில் வரும் வசனம் எந்த அதிகாரத்திலிருந்து வருகிறதோ அந்த அதிகாரத்தைத் திறந்து வாசித்தால், அட்டை ஒரு நல்ல வாசற்படியாகிவிடும்.

யாரோடு வாசிப்பது

ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிய மடத்து ஒழுங்கின் 48-ஆம் அதிகாரம், லெந்து காலத்தில் ஒவ்வொரு துறவிக்கும் ஒரு நூல் கொடுக்கப்பட வேண்டும், அதை முதலிலிருந்து முடிவுவரை ஒழுங்காக வாசிக்க வேண்டும் என்கிறது. உடனே அடுத்ததாக, வாசிப்பு வேளையில் மூத்தவர்கள் ஒருவரோ இருவரோ மடத்தைச் சுற்றிவந்து, யாராவது வாசிக்காமல் சோம்பியிருக்கிறார்களா, வம்பளக்கிறார்களா என்று பார்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. உலகத்தையே துறந்து வந்தவர்களைக்கூடத் தனியாக விட்டால் வாசிக்கமாட்டார்கள் என்பது பெனடிக்டுக்குத் தெரிந்திருந்தது. உலகத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரியும் நாம், தனித்த மனவுறுதியால் வாசித்துவிடுவோம் என்று நம்புவதுதான் ஆச்சரியம்.

அப்போஸ்தலர் எட்டாம் அதிகாரத்து எத்தியோப்பிய மந்திரியிடம் எல்லாமே இருந்தன: ஏசாயாவின் சுருள், ரதம், வனாந்தரப் பாதையின் அமைதி, நீண்ட பயணம். இல்லாதது ஒன்றுதான். ‘நீர் வாசிக்கிறவைகளின் கருத்து உமக்குத் தெரியுமா’ என்று பிலிப்பு கேட்டபோது, ஒருவன் தெரிவிக்காவிட்டால் எப்படித் தெரியும் என்று அவர் திருப்பிக் கேட்டார். சீகன்பால்குவின் பக்கத்தில் அந்த முதிய புலவர் உட்கார்ந்திருந்ததும் இதற்காகவே.

கூடி வாசிக்க நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் ஏற்பாடு குடும்ப ஜெபம். அதில் பல வீடுகளில் ஆளுக்கொரு வசனமாகச் சுற்றிவருவது வழக்கம். நல்ல எண்ணத்தில் தோன்றியது. நடைமுறையில் என்ன நடக்கிறதென்றால், வட்டத்தில் கடைசியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளை தனக்கு எந்த வசனம் வரும் என்று விரலால் எண்ணி, அதில் கடினமான பெயர் இருக்கிறதா என்று பார்த்து, அதையே மனத்துக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறது. நடுவில் வாசிக்கப்பட்ட ஏழு வசனங்களும் அதன் காதில் விழுவதில்லை. இப்போது ஆளுக்கொரு கைப்பேசியில் வாசிப்பதால் நிலைமை இன்னும் மோசம். ஒரே ஒரு வேதாகமத்தை வைத்து, ஒருவர் அதிகாரம் முழுவதையும் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கையில் ஒன்றுமில்லாமல் கேட்பது எவ்வளவோ மேல். வாசிப்பவர் நாளுக்கொருவராக மாறட்டும். பத்து வயதுப் பிள்ளையும் தன் முறைக்காகக் காத்திருக்கும்.

குடும்பத்துக்கு வெளியே, சிறு குழுவாக வாசிப்பது இன்னொரு வழி. எனக்குத் தெரிந்த ஒரு குழுவில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர், மருந்துக்கடை வைத்திருக்கும் ஒருவர், வங்கி ஊழியர் ஒருவர், கல்லூரி மாணவர்கள் இருவர் இருக்கிறார்கள். கைப்பேசிகளை வாசலருகேயுள்ள மேசையில் வைத்துவிட்டு உட்காருவார்கள். ஒரு மாலையில், அடிமையாயிருந்த ஒநேசிமுவைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி பவுல் பிலேமோனுக்கு எழுதின நிருபத்தை ஆசிரியை வாசித்தார், இருபத்தைந்து வசனங்கள்தான். முடிந்ததும் மருந்துக்கடைக்காரர், “டீச்சர், கடைசியில் பிலேமோன் அவனைச் சேர்த்துக்கொண்டாரா இல்லையா?” என்று கேட்டார். “அது கடிதத்தில் இல்லை தம்பி. இன்னொரு தடவை வாசிப்போம்” என்று ஆசிரியை மறுபடியும் தொடங்கினார். இரண்டாம் வாசிப்பு முடிந்ததும் மாணவர்களில் ஒருவன் எழுந்துபோய்த் தன் கைப்பேசியில் ஒநேசிமு என்ற பெயரைத் தேடினான். கொலோசெயர் நான்காம் அதிகாரத்தில் ‘உண்மையும் பிரியமுமுள்ள சகோதரனாகிய ஒநேசிமு’ என்று வருவதைக் கண்டுபிடித்து வாசித்துக் காட்டிவிட்டு, கைப்பேசியை மீண்டும் மேசையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். கைப்பேசிக்கு வாசிப்பில் உள்ள சரியான இடம் அதுதான் என்று எனக்குத் தோன்றியது: தேடும்போது எடுக்கப்பட்டது, கிடைத்ததும் வைக்கப்பட்டது.

குழுவுக்குக் குறைகள் இல்லாமலில்லை. பேச்சு ஒருவரிடமே தங்கிவிடும். வாசிப்பைவிடச் சிற்றுண்டி நீளும். சில சமயம் ஊர் வம்பு ஜெப விண்ணப்பத்தின் வேடத்தில் நுழைந்துவிடும். கூட்டம் ஒரு மணி நேரத்துக்குமேல் போகக்கூடாது, வாசிப்பு பாதிக்குமேல் இருக்க வேண்டும் என்ற இரண்டு விதிகளை வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளலாம்.

வேதாகமத்துக்கு வெளியே

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். சிறையில் மரணத்தை எதிர்நோக்கியிருந்த பவுல், தீமோத்தேயு வரும்போது மேலங்கியோடு புஸ்தகங்களையும், விசேஷமாய்த் தோற்சுருள்களையும் எடுத்துவரச் சொன்னார். ஆக வேறு நூல்கள் வேண்டுமா என்பதில் விவாதம் இல்லை. எவை என்பதில்தான் தேர்வு. கிறிஸ்தவப் புத்தக அலமாரிகளில் இன்று கண்ணில் படுபவற்றில் பெரும்பகுதி, ஆங்கிலத்திலிருந்து அவசரமாகப் பெயர்க்கப்பட்ட வெற்றி வாழ்க்கை நூல்கள். ஒரு புதிய நூலை வாசித்தபின் ஒரு பழைய நூலை வாசிக்காமல் அடுத்த புதிய நூலுக்குப் போகாதீர்கள், முடியாவிட்டால் மூன்று புதியவற்றுக்கு ஒரு பழையதாவது வாசியுங்கள் என்று ஆங்கிலக் கிறிஸ்தவ எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் சொன்ன விதி இங்கே மிகவும் தேவை. தமிழில் அதற்குப் பஞ்சமில்லை. வீரமாமுனிவரின் தேம்பாவணி 3,615 பாடல்களில் சூசையப்பரின் வரலாற்றைச் சொல்கிறது, பாளையங்கோட்டையின் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியனின் ‘மோட்சப் பயணம்’ நூலைத் தழுவி இரட்சணிய யாத்திரிகத்தை 1894-இல் வெளியிட்டார். இவற்றைத் தனியாகத் தொடங்குபவர் இரண்டாம் படலத்தில் நிறுத்திவிடுவார். உரையுள்ள பதிப்பை வைத்துக்கொண்டு, செய்யுளைச் சத்தமாக வாசிக்கத் தெரிந்த ஒருவரோடு, வாரத்துக்குச் சில பாடல்கள் என்று வைத்துக்கொண்டால் ஓடும்.

இனி ஆளுக்கேற்ற தேர்வுகள். விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவருக்கு, அறைத்தோழர் ஒருவரோடு சேர்ந்து காகித வேதாகமத்தில் மாற்கு சுவிசேஷம். பதினாறு அதிகாரங்களையும் ஒரே அமர்வில் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடித்துவிட்டு, பிறகு முதலிலிருந்து மெதுவாக. இரவுப்பணி பார்க்கும் செவிலியருக்குக் காலை தியானம் என்ற சட்டத்தையே திணிக்கக்கூடாது. பணி முடிந்து வீடு திரும்பும் பேருந்தில் காதில் கேட்கும் ஓர் அதிகாரமும், விடுமுறை நாளில் அதே அதிகாரத்தைக் காகிதத்தில் வாசிப்பதும் அவருக்குப் போதும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு, குடும்ப ஜெபத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கும் முறையை முதலில் நிலைநிறுத்திவிட்டு, தனி வாசிப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கண்புரை முற்றிய முதியவருக்குக் காகிதத்தின் பெருமையைப் பேசிப் பயனில்லை. எழுத்தைப் பெரிதாக்கக்கூடிய திரையோ, ஒலி வேதாகமமோதான் அவருக்கு உகந்தது, அதுவும் முடிந்தால் பேரப்பிள்ளையின் குரலில்.